ஐயருக்கு மகள் இல்லை

1

ஊரில் இருக்கிற உங்களில் பலருக்கு அந்த வீடியோ வாட்ஸப்பில் வந்திருக்கும். புனேயில் எங்கள் தமிழ்ச் சபை நடத்திய ‘அந்திநேரத் துணை’ என்ற வானொலி நிகழ்ச்சி தொடங்கி ஐம்பது வருடம் ஆனதற்குப் போன மாதம் விழா எடுத்தார்கள். பொன்னாடை, கேக், புத்தக வெளியீடு, கடைசியில் பிரியாணி. வீடியோவில் ஒரு கிழவி நீலப் பட்டுச் சேலையில் மைக்கை நோக்கி மெதுவாக நடந்து வருவாள். அது நான்தான். அடுத்த நொடியே எல்லோரும் எழுந்து நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். நடந்து வந்தவள் மைக்கில் என்ன சொன்னாள் என்பதைக் கமிட்டிக்காரர்கள் வெட்டிவிட்டார்கள்.

வெட்டியதை எழுதி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு எழுபத்தைந்து வயதாகப் போகிறது. இந்த வயதில் கோபப்படக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் எங்கள் சபைக் கமிட்டியைப் பார்த்ததில்லை.

2

என் பெயர் ரஞ்சிதம். சாத்தான்குளம் பக்கம். என் வீட்டுக்காரர் பொன்னுத்துரைக்கு இங்கே ஒரு மோட்டார் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் கல்யாணமான கையோடு புனேயை ஒட்டிய நிக்டிக்கு வந்தேன். இப்போது பாணேரில் மகள் ஷீபாவின் ஃபிளாட்டில் இருக்கிறோம். காலையில் அவள் ஹிஞ்சேவாடி ஆபீசுக்கு கேபில் ஏறிப் போனால், இருட்டிய பிறகு டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டே திரும்பி வருவாள். பகல் முழுவதும் நானும் இவரும்தான். நான் பாஜி வாங்குவேன், மளிகைக்குக் கிரானா கடைக்குப் போன் செய்வேன், இவர் ஒரு பழைய டேப் ரெக்கார்டரைக் கழற்றி மாட்டுவார். என் தமிழும் இப்போது யோக்கியமில்லை. காய்கறி என்று சொல்லியே பல வருடமாகிறது.

அந்த நாளில் நிக்டி குவார்ட்டர்ஸில் நாலைந்து கட்டடத்துக்கு ஒரு தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் இருக்கும். எங்களுக்குப் போதகராக வந்தவர் அருள்திரு கனகராஜ். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்லுவோம், அவர் மனைவி ஐயரம்மா. கனகராஜ் ஐயர் நல்ல உயரம், கோவில் மணி போலக் கணீரென்ற குரல். அந்தக் குரலை இந்த ஊரின் நூறு பேருக்கு மட்டும் வைத்திருப்பது பாவம் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னார். கடல் கடந்து ஒரு தீவில் சிற்றலை வானொலி நிலையம் ஒன்று இருந்தது. அதில் வாரம் கால் மணி நேரம் தமிழ் நிகழ்ச்சி நடத்துவதற்கான செலவைச் சபை ஏற்றுக்கொண்டது. அப்படித்தான் ‘அந்திநேரத் துணை’ பிறந்தது.

ஒலிப்பதிவுக் கூடம் என்று ஒன்றும் கிடையாது. ஆராதனை உடுப்பு வைக்கிற சிறிய அறையில், சன்னல்களுக்கு ரஜாய் போர்வைகளைத் தொங்கவிட்டுப் பதிவு செய்தோம். ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கத் தெரிந்தவர் என்பதால் டேப் ரெக்கார்டருக்கு இவர் பொறுப்பு. பள்ளியில் மனப்பாட வசனப் போட்டியில் பரிசு வாங்கியவள் என்பதால் மைக்குக்கு நான். பதிவான டேப்பைத் தபாலில் தீவுக்கு அனுப்புவோம். ஒலிபரப்பான பிறகு அது திரும்பி வரும். புது டேப் வாங்க வசதியில்லாததால் அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வோம். இருபது வருடம் நாங்கள் பேசியதெல்லாம் இப்படி நாங்களே அழித்து அழித்துப் பேசியதுதான்.

நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பே கமிட்டி ஒரு விதி போட்டது. பெண் வாழ்த்துச் சொல்லலாம், நேயர்களின் பெயர்களை வாசிக்கலாம். செய்தி கொடுக்கக் கூடாது. செய்தி என்றால் பத்து நிமிடப் பிரசங்கம். அது ஆண் குரலில்தான் வர வேண்டும். அதனால் நான் முதலில் வணக்கம் சொல்லி, தேயிலைத் தோட்டத்திலிருந்தும் ரப்பர் தோட்டத்திலிருந்தும் ஜெபம் கேட்டு எழுதியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, கடைசியில் “இன்றைய செய்தியை வழங்குபவர் அருள்திரு கனகராஜ் ஐயர் அவர்கள்” என்று சொல்லிவிட்டு மைக்கிலிருந்து நகர்ந்துகொள்வேன்.

3

ஐயருக்கு மூன்று சபைகள். ஞாயிறு முழுவதும் மோட்டார் சைக்கிளில் அலைவார். ஒரு முறை பதிவுக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் செய்தி தயாரிக்கவில்லை என்று சொன்னார். தபால் மறுநாள் போயாக வேண்டும். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் இவருடைய தொழிற்சாலையிலிருந்து வந்த, ஒருபுறம் அச்சடித்த தாள்களின் மறுபுறத்தில் நான் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்தார். அந்தக் குரலில் கேட்டபோது எனக்கே அது யாரோ பெரியவர் எழுதியது போலத் தோன்றியது, உடம்பு சிலிர்த்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அதோடு பழகிவிட்டது. அடுத்த வாரம், “அம்மா, பத்து நிமிஷத்துக்கு எழுதிருங்க” என்றார். அதற்கடுத்த வாரம் அதுவும் சொல்லவில்லை, வந்து கையை நீட்டினார். நிகழ்ச்சி நிற்கிற வரைக்கும் செய்தி என் வேலைதான். வாசித்து முடித்த தாளில் ஐயரம்மா பட்டாணி மடித்துக் கொடுப்பார்.

எனக்கு வேதாகமக் கல்லூரிப் படிப்பு கிடையாது. எனக்குத் தெரிந்ததை வைத்துத்தான் எழுத முடியும். தெரிந்தது என் அடுப்படி. ஒரு டிசம்பர் மாதம். புனேக் குளிரில் இட்லி மாவு பொங்கவே பொங்காது. பானையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். திறக்கத் திறக்கக் குளிர்தான் உள்ளே போனது. கடைசியில் ஷீபாவின் சிவப்புப் பள்ளி ஸ்வெட்டரைப் பானைக்குச் சுற்றி, ஒரு ஜெபத்தைச் சொல்லிவிட்டுப் படுத்தேன். ஸ்வெட்டரில் புளிச்ச வாடை அடிக்கிறது என்று வகுப்புப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்களாம், அவள் அழுதுகொண்டு வந்தாள். அந்த வாரம் இதையே எழுதினேன். ஜெபம் பண்ணிவிட்டு நாமும் இப்படித்தான் நிமிடத்துக்கு ஒரு முறை திறந்து பார்க்கிறோம், மூடி வைத்துவிட்டுப் பொறுத்திருக்கத் தெரியவில்லை என்று.

‘நான்’ என்று எழுதியிருந்தேன். ஐயர் அதை ‘ஒரு சகோதரி’ என்று மாற்றி வாசித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் ஒரு நாளும் முன்கூட்டிப் படித்துப் பார்க்கிறவர் இல்லை. அப்படியே வாசித்துவிட்டார். நேற்று ராத்திரி நான் மாவு கரைத்து வைத்தேன் என்று அந்தக் கணீர்க் குரலில். இவர் ரெக்கார்டரை நிறுத்தப் போனார், தபாலுக்கு நேரமாகிவிட்டது என்று ஐயர் தடுத்துவிட்டார்.

அது ஒலிபரப்பான பிறகு கடிதங்கள் கொட்டின. மனைவிக்கு மாவு கரைத்துக் கொடுக்கிற ஐயர் உலகத்தில் உண்டா என்று ஊர் ஊராகப் பெண்கள் எழுதினார்கள். இலங்கைத் தோட்டத்திலிருந்து ஒருத்தி, தன் புருசனை ரேடியோ முன் உட்கார வைத்ததாகவும் மறுநாள் அவன் தேங்காய் துருவியதாகவும் எழுதினாள். ஐயரம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவருடைய வீட்டில் ஐயருக்கு அடுப்படி எந்தப் பக்கம் என்றே தெரியாது. ஐயரும் சிரித்தார். சிரித்துவிட்டு, “இப்படியே எழுதுங்கம்மா, ஜனங்களுக்குப் பிடிச்சிருக்கு” என்றார். அதன் பிறகு ஐயர் என் வாயால் துணி துவைத்தார், வெங்காயம் நறுக்கினார், ரேஷன் கடையில் மராட்டி தெரியாமல் முழித்தார், காய்ச்சல் பிள்ளையை மடியில் போட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தார்.

ஒரு கோடை விடுமுறையில் ஊருக்குப் போனபோது என் அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள்: “ஏட்டி, அந்த ஐயரு பேசுதது உன் பேச்சுல்லா?” என் அப்பா கிராமத்துக் கோவிலில் பிரசங்கம் செய்கிற உபதேசியார். அப்பாவின் பிரசங்கத்தில் பாதி அம்மாவுடையது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியா என்று கேட்டேன். அவள் இன்னொரு விறகைத் தள்ளி வைத்து ஊதினாள்.

4

இந்த வருடம் விழாக் கமிட்டிச் செயலாளர் ஜெபராஜ் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்தார். கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் கம்பெனியில் மேனேஜர், தன்மையான பிள்ளை. கனகராஜ் ஐயர் காலமாகி வெகு நாளாகிறது. அமெரிக்காவில் இருக்கும் அவருடைய மகன், அவருக்கு ஒரே பிள்ளை, அப்பாவின் குரலை வானொலியிலிருந்து கேசட்டில் பிடித்து வைத்திருந்தாராம். அதை எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு எழுத்தாக்கிவிட்டார்களாம். விழாவில் புத்தகமாக வெளியிடப் போகிறார்களாம். நான் திறந்த வாயை மூடவில்லை. அழிந்துபோனது என்று இருந்தேனே, கிடைத்துவிட்டதே என்று முதலில் சந்தோஷம்தான்.

“ஆன்ட்டி, ஸ்பெல்லிங் மட்டும் பாத்துக் குடுங்க. நம்ம சபைல தமிழ் ஒழுங்காப் படிக்கத் தெரிஞ்சவங்க நீங்கதானுங்க” என்று ஒரு கட்டுத் தாளை மடியில் வைத்தார்.

மேலே பெரிய எழுத்தில் ‘அருள்திரு கனகராஜ் அவர்களின் வானொலிச் செய்திகள்’. புரட்டினால் என் மாவு, என் வெங்காயம், என் காய்ச்சல் பிள்ளை. கம்ப்யூட்டருக்குத் தமிழ் நம் சபைப் பிள்ளைகள் அளவுக்குத்தான் தெரியும் போலிருக்கிறது, பாதி இடங்களில் கர்த்தர் கத்தரியாக இருந்தார். முன்னுரையை மகன் ஆங்கிலத்தில் எழுதி, யாரோ தமிழாக்கியிருந்தார்கள். அடுக்களையில் தாயாருக்குத் தோள்கொடுத்த தகப்பனாரின் தாழ்மை இச்செய்திகளில் ஒளிர்கிறது என்று இருந்தது. ஐயரம்மா உயிரோடு இருந்திருந்தால் அந்த இடத்தில் மறுபடி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருப்பார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் எழுதியதை இன்னொருத்தர் பெயரில் போட்டு, அதில் பிழை திருத்துகிற வேலையை என்னிடமே கொடுக்கிறார்களே என்று உள்ளங்கால் வரை எரிந்தது.

சாயங்காலம் ஷீபா வந்ததும் சொன்னேன். அவள் போனைப் பார்த்துக்கொண்டே, “ஜாவு தேம்மா, விட்டுடு. எதுக்கு டென்ஷன் ஆகுறே? அந்த புக்கை யாரு படிக்கப் போறா?” என்றாள். யாரும் படிக்கப் போவதில்லை என்பது உண்மைதான். அந்த உண்மையை என் மகள் சொல்லிக் கேட்டதுதான் கமிட்டி செய்ததைவிட வலித்தது. வானொலியில் நிகழ்ச்சி வரும் நேரம் அவள் கீழே லகோரி விளையாடிக்கொண்டிருப்பாள். ஒரு நாளும் கேட்டதில்லை. தமிழில் பேசுவாள், படிக்க வராது. சபையில் பாட்டைக்கூடத் திரையில் ஆங்கில எழுத்தில் பார்த்துத்தான் பாடுவாள்.

இவர் ரெக்கார்டரின் பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாரமும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டவர். இருபது வருடம் வாய் திறக்காத மனிதர் இப்போது மட்டும் திறப்பாரா? அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவருக்கு ரசம் ஊற்றவில்லை.

5

கமிட்டியிடம் பேசலாம் என்று போனேன். பேச முடியாதாம், எழுத்தில் கொடுக்க வேண்டுமாம். எழுதிக் கொடுத்தேன். அது வரலாற்று உபகுழுவுக்குப் போக வேண்டுமாம், ஈமெயிலில். ஷீபாவைக் கெஞ்சி ஈமெயில் அனுப்பினேன். நன்றியுடன் குறித்துக்கொண்டோம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. மறுபடி போன் செய்தால், ஆதாரம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஆதாரத்தில் பட்டாணி மடித்துத் தின்று ஐம்பது வருடமாகிறது என்று சொன்னேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இப்போதைய ஆயர், மதுரைப் பக்கத்து இளைஞர், நடுவில். ஜெபராஜ் பக்கத்தில். டீயும் சமோசாவும் வந்தன. இங்கே எந்த அநியாயத்துக்கும் முதலில் சமோசா கொடுப்பார்கள்.

நான் ஒன்றுதான் கேட்டேன். ஐயர் பெயர் அட்டையில் இருக்கட்டும். அவர் குரல்தான் அந்த நிகழ்ச்சி, நான் மறுக்கவில்லை. எழுதியவள் ரஞ்சிதம் என்று உள்ளே ஒரு வரி போடுங்கள். மாவுச் செய்தியில் ‘என் மகளுடைய ஸ்வெட்டர்’ என்று வருகிறதே, ஐயருக்கு மகளே கிடையாதே, ஒரே பையன்தானே, அந்த மகனே வந்து சாட்சி சொல்லுவாரே என்றும் கேட்டேன். அது பிரசங்க உவமையாக இருக்கலாம் என்று உபகுழுவில் ஒருவர் சொன்னார். அமெரிக்காவிலிருந்து வருகிறவர் மனம் வருத்தப்படும் என்று இன்னொருவர் சொன்னார். அவர் செலவில்தான் புத்தகம் வருகிறது என்பதை எல்லோரும் சமோசாவைப் பார்த்தபடி நினைத்துக்கொண்டார்கள்.

ஆயர் மிகவும் கனிவாகச் சொன்னார்: “நீங்க செஞ்சது கர்த்தருக்குத் தெரியும்மா. அது போதாதா நமக்கு?”

“போதும் ஐயரே. அப்போ கனகராஜ் ஐயர் பேரையும் எடுத்துருங்க. அவரு செஞ்சதும் கர்த்தருக்குத் தெரியும்லா” என்றேன்.

ஆயர் ஜெபம் பண்ணிக் கூட்டத்தை முடித்தார். கர்த்தரின் பெயரைச் சொல்லி ஒரு பெண்ணின் வாயை அடைப்பது எனக்குப் புதிதில்லை. என் அம்மாவுக்கும் அதைத்தான் செய்தார்கள். அவளுக்காவது அது கட்டிய புருசன். எனக்கு ஒரு சபையே சேர்ந்து செய்தது.

கட்டுத் தாளைப் பிழை திருத்தாமல் திருப்பிக் கொடுத்தேன். முடித்துவிட்டேன் என்று அவர்களாக நினைத்துக்கொண்டு அப்படியே அச்சுக்கு அனுப்பினார்கள். இப்போது அச்சிட்ட புத்தகத்திலும் கர்த்தர் கத்தரிதான். ஊரில் யாராவது வாங்கினால் பார்த்துக்கொள்ளுங்கள்.

6

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு ஜெபராஜ் போன் செய்தார். பழைய வானொலி நிகழ்ச்சி மாதிரியே மேடையில் நடத்திக் காட்டப் போகிறார்களாம். நான் வந்து பழையபடி அறிவிப்புச் சொல்ல வேண்டும், உடனே நிஜக் கேசட்டில் ஐயரின் குரல் வரும். நல்ல மேய்ப்பன் செய்தியை ஆயர் தேர்ந்தெடுத்திருக்கிறார். கேசட் ஓடுகிற நிலையில் இருக்கும் ரெக்கார்டர் அங்கிளிடம்தான் இருப்பதால் அவரையே போடச் சொல்லி, மகன் அனுப்பிய கேசட்டுகளை எல்லாம் அவரிடமே கொடுத்திருக்கிறார்கள். சரி என்றேன். இவ்வளவு சீக்கிரம் சரி சொல்லுவேன் என்று ஜெபராஜ் எதிர்பார்க்கவில்லை. தேங்க்ஸ் தேங்க்ஸ் என்று போன் முழுக்க நிரப்பினார்.

என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, இவரிடமும்கூட.

மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அமெரிக்காவிலிருந்து வந்த மகன், தகப்பனைப் போலவே உயரம். மூன்றாம் வரிசையில் ஷீபா, போனும் கையுமாக. மேடையில் ரிப்பன் கட்டிய புத்தகக் கட்டு. ஓரத்தில் ஒரு மேசையில் ரெக்கார்டரோடு இவர், கழுத்தில் அந்தப் பழைய ஹெட்ஃபோனைத் தொங்கவிட்டுக்கொண்டு.

நடந்து போய் மைக்கின் முன் நின்றேன். நீங்கள் வீடியோவில் பார்த்தது இது வரைக்கும்தான்.

“அந்திநேரத் துணையின் அன்பான வாழ்த்துகள்” என்று தொடங்கினேன். நினைவில் இருந்த நேயர்கள் சிலரின் பெயர்களைச் சொன்னேன், முன்பு போலவே நிறுத்தி நிறுத்தி. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு அந்தக் கடைசி வாக்கியத்துக்கு வந்தேன். ஆயிரம் முறையாவது சொல்லியிருப்பேன். அதில் ஒரு பெயரை மட்டும் மாற்றினேன்.

“இன்றைய செய்தியை வழங்குபவர், ரஞ்சிதம் பொன்னுத்துரை.”

கிழவிக்கு நாக்குக் குழறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்திருப்பார்கள். ஜெபராஜ் எழுந்துவிட்டார். இவர் அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வேறொரு கேசட்டை எடுத்துப் போட்டுப் பொத்தானை அழுத்தினார். மேய்ப்பன் வரப் போகிறான் என்றுதான் நானும் நின்றிருந்தேன். இரைச்சல் வந்தது, அதற்குள்ளிருந்து கனகராஜ் ஐயரின் கணீர்க் குரல் வந்தது.

“பிரியமானவர்களே, நேற்று ராத்திரி நான் மாவு கரைத்து வைத்தேன்…”

சபை சந்தோஷமாகச் சிரித்தது. அவர்களுக்குத் தெரிந்த கதைதானே. முன்வரிசையில் மகனும் சிரித்தார். பானையைத் திறந்தது, குளிர் உள்ளே போனது, எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. நான் வழக்கம்போல மைக்கிலிருந்து நகர்ந்துகொள்ளவில்லை. அங்கேயே நின்றேன்.

“…கடைசியில் என் மகளுடைய சிவப்பு ஸ்வெட்டரை எடுத்துப் பானையைச் சுற்றினேன். பாவம், அந்தப் பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடத்தில்…”

மகனின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் தனக்கு இல்லாத ஒரு தங்கையைத் தேடுகிறவர் போலத் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் வரிசையில் ஷீபா எழுந்து நின்றிருந்தாள். போன் கீழே விழுந்திருந்தது, அதை அவள் எடுக்கவில்லை.

“அது என் ஸ்வெட்டர்” என்றாள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி, தமிழில்.

ஜெபராஜ் ரெக்கார்டரை நிறுத்தச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டு மேசைக்கு ஓடி வந்தார். இவர் கழுத்திலிருந்த ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, மண்டபத்து ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.